“உன்னிடம் அசல் சிந்தனை இருக்கிறதா?” என்று மாணவரைக் கேட்பதை நிறுத்துங்கள்

கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வர விரும்பும் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. சொற்கள் மாறும், பொருள் மாறாது. “பாடங்கள் புரிகின்றன. கணக்குகளைச் செய்ய முடிகிறது. ஆனால் எனக்கென்று ஒரு புதிய எண்ணம் ஒருநாளும் தோன்றியதில்லை. நான் சிந்திப்பதையெல்லாம் யாரோ முன்பே சிந்தித்துவிட்டார்கள். அசல் சிந்தனை இல்லாத நான் இத்துறைக்கு வரலாமா?” இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வகுப்பின் கடைசி வரிசை மாணவர்கள் அல்லர். பாடநூலின் ஒவ்வொரு படியையும் தாமே செய்து பார்த்தவர்கள். செய்து பார்த்ததால்தான் இந்த ஐயமே அவர்களுக்கு வருகிறது. படிக்காதவருக்கு எல்லாமே புதிது. படித்தவருக்குத்தான் தன் எண்ணம் பழையது என்று தெரியும்.

இந்த ஐயம் மாணவரின் உள்ளத்தில் தானாக முளைத்தது என்று நான் நம்பவில்லை. ஆசிரியர்கள், ஆய்வு நிறுவனங்கள், நேர்காணல் குழுக்கள், அறிவியல் வரலாற்றைப் புராணமாக எழுதுவோர் என அனைவரும் சேர்ந்து விதைத்தது அது. நேர்காணலில் “உங்கள் சொந்தக் கருத்து என்ன?” என்று கேட்கிறோம். பரிந்துரைக் கடிதங்களில் “உழைப்பாளி, ஆனால் அசல் சிந்தனை இனிமேல்தான் வெளிப்பட வேண்டும்” என்று எழுதுகிறோம். அந்த ஒரு வரி மாணவரின் பல கதவுகளை அடைத்துவிடும் என்று தெரிந்தே எழுதுகிறோம். கருத்தரங்கில் ஒருவர் பேசி முடித்ததும் “இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்ற கேள்வி முதலில் வருகிறது, “இது எப்படி வேலை செய்கிறது?” என்ற கேள்வி வருவதே இல்லை. இவற்றையெல்லாம் இரண்டு ஆண்டுகள் பார்க்கும் இருபத்திரண்டு வயது இளைஞர், அசல்தன்மை என்பது சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்த ஒரு பொருள் என்றும், தன் பையில் அது இல்லை என்றும் முடிவுக்கு வருவதில் வியப்பில்லை.

என் வாதத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அசல்தன்மை ஒரு மனிதரின் குணம் அல்ல. பிறர் விட்டுச்சென்ற ஒரு கேள்வியோடு நெடுங்காலம் நெருங்கி உழைத்ததன் விளைவு அது. விளைவை நுழைவுத் தகுதியாகக் கேட்பது, விதைக்கும் முன்பே நெல்லைக் காட்டு என்று உழவரிடம் கேட்பதற்குச் சமம். அதைவிடக் கேடானது, இக்கேள்வி நடைமுறையில் யாரை வடிகட்டுகிறது என்பது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் இச்சொல்லை நம் நிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை; 40, 60 என்று ஏற ஏறத் தண்டனையும் ஏறும். திருட்டைத் தடுக்க விதி வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மென்பொருள் எண்ணுவது சொற்களின் ஒப்புமையை மட்டுமே. ஒரு பக்கம் அசல்தன்மை இவ்வாறு ஒரு விழுக்காட்டுக் கணக்காகச் சுருங்கிவிட்டது. மறுபக்கம் அது ஆப்பிள் மரத்தடி, காப்புரிமை அலுவலகம் என்ற மேதைக் கதைகளாக ஊதிப் பெருத்துவிட்டது. ஒன்று எழுத்தர் வேலை. மற்றொன்று தெய்வச் செயல். இந்த இரண்டுக்கும் இடையில் இயற்பியல் உண்மையில் நடைபெறும் இடம் எதுவென்று மாணவருக்கு யாரும் சொல்வதில்லை.

அந்த இடத்தைக் காண வேண்டுமானால் நம் நாட்டு வரலாறே போதும்.

1921இல் தொடங்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்தியேந்திரநாத் போஸ் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தார். பிளாங்கின் கதிர்வீச்சு விதியை வகுப்பில் நடத்த வேண்டியிருந்தது. அந்த விதிக்கு அன்றிருந்த நிறுவல்களில் ஒரு முரண்பாடு இருந்தது. சமன்பாட்டின் ஒரு பகுதி பழைய மின்காந்தவியலிலிருந்து வரும். மறு பகுதி அதற்கு ஒவ்வாத குவாண்டம் கருதுகோளிலிருந்து வரும். போஸ் பழைய பகுதியைக் கைவிட்டு, ஒளித்துகள்களை மட்டுமே வைத்து, அவை இருக்கக்கூடிய நிலைகளை ஒரு குறிப்பிட்ட முறையில் எண்ணி விதியைப் பெற்றார். 1924 ஜூனில் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். குவாண்டம் புள்ளியியல் பிறந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தாம் செய்தது அவ்வளவு புதியது என்று அப்போது தமக்குத் தோன்றவில்லை என்று போஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் நாடியது, ஏற்கெனவே தெரிந்த ஒரு விடையைக் குறையின்றிப் பெறும் வழியை. பிளாங்க் 1900இல் கண்ட விதியை 1924இல் மீண்டும் நிறுவுகிறேன் என்று ஒருவர் இன்று ஆய்வுத் திட்டம் கொடுத்தால் நம் குழுக்கள் என்ன சொல்லும்? “இதில் புதிதாக என்ன இருக்கிறது?”

அதற்கு முன் போஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? மேகநாத சாகாவுடன் சேர்ந்து ஐன்ஸ்டீன், மிங்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பி. சி. மகலனோபிசின் முன்னுரையோடு கல்கத்தா பல்கலைக்கழகம் அதை 1920இல் நூலாக வெளியிட்டது. மொழிபெயர்ப்பில் ‘அசல்’ ஏதும் இல்லைதான். ஆனால் ஒரு கட்டுரையை வரிக்கு வரி இன்னொரு மொழியில் சொல்லிப் பார்த்தவர் அறிந்த அளவுக்கு வேறு யார் அதை அறிவார்? அதே 1920இல் சாகா தம் அயனியாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். விண்மீன்களில் அணுக்கள் மின்னணுக்களை இழப்பதை வேதிவினைச் சமநிலை போலக் கருதலாம் என்ற எண்ணம், ஜெர்மானிய வேதியியலாளர் எகர்ட் அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய கட்டுரையில் இருந்தது. வெப்ப இயக்கவியல் கற்பித்துக்கொண்டிருந்த சாகா அதைப் படித்தார். அதில் ஊகமாக இருந்த ஓர் அளவின் இடத்தில் ஆய்வகத்தில் அளக்கப்பட்ட அயனியாக்க அழுத்தத்தை வைத்தால் என்னவாகும் என்று பார்த்தார். விண்மீன் நிறமாலைகளைப் படிக்கும் திறவுகோல் கிடைத்தது. எகர்ட் இன்றிச் சாகா இல்லை. சாகா இன்றி எகர்ட்டின் எண்ணம் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கப்பலேறினார், வயது 19. கப்பலில் அவர் செய்த கணக்கு இன்று எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அதைச் செய்தியாகச் சொல்பவர்கள் “கடற்பயணத்தில் ஒரு மின்னல் வெட்டு” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். வெண்குறுமீன்களுக்குப் புதிய குவாண்டம் புள்ளியியலைப் பொருத்தி ஃபவுலர் 1926இல் எழுதிய கட்டுரை. 1928இல் சென்னைக்கு வந்த சோமர்ஃபெல்டைச் சந்தித்து அந்தப் புள்ளியியலைக் கற்றுக்கொண்ட பழக்கம். எடிங்டனின் விண்மீன் நூல். இவற்றை வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: விண்மீனின் மையத்தில் மின்னணுக்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்படியானால் ஃபவுலரின் கணக்கில் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா? சேர்த்தபோது, வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. இன்று அதைச் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்கிறோம். அதே காலத்தில் தார்த்துவில் ஆண்டர்சனும் லீட்சில் ஸ்டோனரும் அதே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். எண்ணம் காற்றில் இருந்தது. சந்திரசேகர் அதை முழுமையாகவும் விடாப்பிடியாகவும் செய்தார். 1935இல் எடிங்டன் பொதுவெளியில் எள்ளிய பிறகும் கணக்கைக் கைவிடவில்லை.

சந்திரசேகரின் பிற்கால வாழ்வு இன்னும் தெளிவான பாடம். ஒரு துறையை எடுத்துக்கொள்வார். அதில் உள்ளதையெல்லாம் தாமே செய்து பார்ப்பார். ஒரு பெருநூல் எழுதுவார். அடுத்த துறைக்குப் போய்விடுவார். 1969இல் அவர் வெளியிட்ட நூல், சுழலும் நீர்மக் கோளங்கள் எவ்வடிவம் கொள்ளும் என்பதைப் பற்றியது. நியூட்டன் தொடங்கி ஜாக்கோபி, டிரிக்லே, ரீமன் வரை செய்து, இடையிடையே ஓட்டைகளோடு விட்டுப்போன பழைய கணக்கு. நாகரிகமான எவரும் அன்று அதைத் தொடமாட்டார்கள். அவர் ஓட்டைகளை அடைத்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரியைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது. 1950களின் தொடக்கத்தில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. ஆனால் அவர் விரும்பிய பொதுச் சார்பியலை விடுத்து, உலோகங்களின் பண்புகளை ஆராயும்படி பணிக்கப்பட்டார். ஒதுக்கப்பட்ட வேலைக்கு நடுவே அவர் தம் கேள்வியை வைத்திருந்தார். பிரபஞ்சம் அடர்த்தி முடிவிலியான ஒரு புள்ளியில் தொடங்கியது என்று சமன்பாடுகள் சொல்வது, கணக்கை எளிதாக்க நாம் வைத்துக்கொண்ட சமச்சீர்மையால் வந்த மாயையா? சமச்சீர்மையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அப்புள்ளி மறைந்துவிடுமா? இதிலிருந்து 1955இல் பிசிக்கல் ரிவ்யூ இதழில் வெளிவந்தது, பருப்பொருளின் பாதைகள் ஈர்ப்பால் எவ்வாறு குவிகின்றன என்று சொல்லும் ராய்சௌதுரி சமன்பாடு. பத்தாண்டுகள் கழித்துப் பென்ரோசும் பின் ஹாக்கிங்கும் நிறுவிய தேற்றங்கள் அதைச் சார்ந்தே நிற்கின்றன. அவருக்கு அப்போது முனைவர் பட்டம்கூட இல்லை. “என்னிடம் அசல் சிந்தனை இருக்கிறதா?” என்று அவர் தம்மையே சோதித்துக்கொண்டிருந்தால், உலோகங்களோடு நின்றிருப்பார். அவர் சோதித்தது தம்மை அல்ல, சமன்பாட்டை.

இந்த நால்வரிடமும் பொதுவாக இருப்பது என்ன? தாம் புதியவரா என்ற கவலை எவருடைய கணக்கிலும் ஓர் உறுப்பாக இல்லை. ஒவ்வொருவரும் பிறருடைய விடையில் ஒரு நெருடலைக் கண்டார்கள். அந்த நெருடலை விட்டுவிட மறுத்தார்கள். இது இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அன்று. மியூனிக்கில் பிளாங்க் மாணவராக இருந்தபோது, இயற்பியலில் கண்டுபிடிக்க இனி அதிகம் இல்லை என்று பேராசிரியர் யோலி அவரைத் தடுத்தார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் ஆசை தமக்கு இல்லை, இருப்பதை நன்கு புரிந்துகொண்டால் போதும் என்ற கருத்தில் பிளாங்க் விடை சொன்னார் என்பது வரலாறு. குவாண்டத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்.

தமிழில் எழுதும் நமக்கு இவ்விடத்தில் ஒரு நகைமுரண் காத்திருக்கிறது. டாக்டர் பட்டத்துக்கு ‘முனைவர்’ என்று பெயர் வைத்தோம். தொல்காப்பிய மரபியலில் முனைவன் என்ற சொல் எங்கே வருகிறது? முதல்நூல் எது என்று சொல்லும் இடத்தில். வினைத்தொடர்பு அற்ற தூய அறிவுடைய முனைவன் கண்டதே முதல்நூல் என்கிறது அது; இறைவனைக் குறிப்பதாகவே உரைமரபு இதைக் கொள்கிறது. மனிதர்கள் எழுதுவதற்கு வேறு பெயர் உண்டு: வழிநூல். அதுவும் தாழ்வான பெயர் அன்று. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று அதை நான்காக வகுத்து, ஒவ்வொன்றையும் அறிவுப்பணியாக மதித்தது அம்மரபு. தொல்காப்பியரே நூல் நெடுகத் தமக்கு முந்திய புலவர்கள் சொன்னார்கள் என்றுதான் சொல்லிச் செல்கிறார். நம் பழைய இலக்கணிகள் மனிதரிடம் கேட்காத ஒன்றை நாம் இருபத்திரண்டு வயது மாணவரிடம் கேட்கிறோம்.

இந்த நான்கு வகையையும் தற்கால இயற்பியலில் வைத்துப் பாருங்கள். டோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் ஆகியோரின் மூன்று வேறு மொழிகளும் ஒரே கோட்பாட்டைச் சொல்கின்றன என்று 1949இல் வெளியான கட்டுரைகளில் டைசன் காட்டியது தொகுத்தல். ஃபவுலரின் கணக்கைச் சந்திரசேகர் சார்பியல் எல்லைக்குக் கொண்டுசென்றது விரித்தல். மொழிபெயர்ப்புக்கோ சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. 1957இல் உலோகங்களின் மீகடத்துமைக்குக் கோட்பாடு வந்தது. அதன் மையக் கருத்தை 1960களின் தொடக்கத்தில் நம்பு துகள் இயற்பியலின் மொழிக்குப் பெயர்த்தார். மீகடத்திகளின் பக்கமிருந்து 1963இல் ஆண்டர்சன் ஒரு வழியைக் காட்டினார். 1964இல் மூன்று குழுக்கள் சில மாத இடைவெளியில் ஒரே முடிவை எட்டின: பிரவுட்டும் ஆங்லேரும், ஹிக்ஸ், குரால்னிக், ஹேகன், கிப்பிள். மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒன்றைக் கண்டடைகின்றன என்றால், அசல்தன்மை எந்தத் தனிமண்டைக்குள் இருந்தது? கேள்வி பழுத்திருந்தது, அருகில் நின்றவர்கள் கைநீட்டினார்கள். நிற்பதற்கு உழைப்பு வேண்டும்.

ஹிக்ஸின் கதையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவருடைய இரண்டாம் கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் ஏற்கவில்லை. அதன் பின்னர் அவர் கட்டுரையில் சிலவற்றைச் சேர்த்து வேறோர் இதழுக்கு அனுப்பினார். இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் துகளைப் பற்றிய குறிப்பு அவ்வாறு சேர்க்கப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. 2013இல் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில், இன்றைய கல்விச் சூழலில் தமக்கு வேலையே கிடைத்திருக்காது என்றும் அவர் சொன்னார்.

இனி, இக்கேள்வி யாரை வடிகட்டுகிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு உண்மையான சினம் வருவது இங்கேதான்.

இயற்பியல் எப்படி உண்டாகிறது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பெரும்பாலான முதல் கட்டுரைகள், தெரிந்த ஒரு கணக்கை எடுத்து, பரிமாணத்தையோ வெப்பநிலையையோ எல்லை நிபந்தனையையோ மாற்றிப் பார்ப்பவை. அந்தக் கணக்கையும் நெறியாளர்தான் தருகிறார். துறைக்குள் இருக்கும் எல்லோரும் அறிந்த செய்தி இது. பல்கலைக்கழகக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே இது தெரிந்துவிடுகிறது. “அந்தக் கட்டுரையா? பழைய கணக்கில் ஓர் உறுப்பைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்” என்று தந்தையோ தாயோ சொல்லக் கேட்டு வளர்கிறது. சிற்றூர்க் கல்லூரியில் தாய்மொழி வழியில் படித்து, நெட், ஜெஸ்ட் தேர்வுகளை எழுதி, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து நிற்பவருக்கு இதை யார் சொல்வார்கள்? அவர் கையில் இருப்பவை பாடநூலும் மேதைகளின் வாழ்க்கைக் கதைகளும் மட்டுமே. கட்டுரை என்றால் 1905 போல இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது அறியாமை அன்று. நாம் அவரிடம் மறைத்ததன் விளைவு.

நேர்காணல் அறையில் இந்த வேறுபாடு எப்படித் தெரிகிறது? தயக்கமின்றிச் சரளமான ஆங்கிலத்தில் அரைகுறை எண்ணத்தை அவிழ்த்துவிடுபவர் ‘அசல் சிந்தனையாளர்’ ஆகிறார். “இதை ஏற்கெனவே யாராவது செய்திருப்பார்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்பவர் ‘உழைப்பாளி’ ஆகிறார். முன்னவரிடம் இருப்பது துணிவு. அந்தத் துணிவு வீட்டிலிருந்து வந்தது. பின்னவரிடம் இருப்பது அறிவியல் ஒழுக்கம். நாம் முன்னதற்கு மதிப்பெண் போடுகிறோம். 2015இல் சயன்ஸ் இதழில் லெஸ்லியும் சிம்பியனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கக் கல்வித்துறைகளைப் பற்றியது. வெற்றிக்குப் பிறவி மேதைமை தேவை என்று எந்தத் துறையினர் மிகுதியாக நம்புகிறார்களோ அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெறும் பெண்களின் பங்கு குறைவாக இருப்பதை அது காட்டியது. இயற்பியல் அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் சாதியையும் வகுப்பையும் மொழியையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவின் மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மேகநாத சாகாவை, “உன்னிடம் அசல் சிந்தனை இருக்கிறதா?” என்று யாராவது கேட்டு, அவருடைய தயக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் நாம் இழந்திருப்பது ஒரு மனிதரை மட்டும் அன்று.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று: “மேதைகள் இருக்கத்தானே செய்கிறார்கள்? ஐன்ஸ்டீன், டிராக், இராமானுசன்?” இருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஒரு நேர்காணல் முறை கிடைத்திருக்கிறது என்பதற்குத்தான் சான்று இல்லை. ஐன்ஸ்டீனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் மையமாக உள்ள உருமாற்றம் இன்றும் லோரன்ட்சின் பெயரைத் தாங்குகிறது. கணித மேதை இராமானுசனின் கைக்குக் கிடைத்த முதல் பெருநூல், கார் என்பவர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த சூத்திரக் கையேடு. அதிலுள்ளவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் தொடங்கினார். தெரிந்ததை மீண்டும் செய்வதுதான் அவருடைய பள்ளி.

இரண்டு: “அசல்தன்மையை வலியுறுத்தாவிட்டால் துறை சாதாரணக் கட்டுரைகளால் நிரம்பிவிடும்.” நடப்பது நேர்மாறானது. 2015 டிசம்பரில் செர்ன் ஆய்வகத்தின் இரு சோதனைகளில் 750 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சிறு மேடு தெரிந்தது. அது புதிய துகளாக இருக்கலாம் என்று அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 500 கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவுகள் வந்தபோது மேடு மறைந்துவிட்டது. அது வெறும் புள்ளியியல் ஏற்ற இறக்கம். தற்செயலை ஆராய்வது குற்றமில்லை. ஆனால் அந்த ஓட்டத்தின் விசை எது? முதலில் சொன்னவராக இருக்க வேண்டும் என்ற தவிப்பு. புதுமையை மட்டுமே கூலியாகக் கொடுக்கும் சந்தையில் எல்லோரும் ஒரே புதுமையை நோக்கி ஓடுகிறார்கள். கென்னத் வில்சன் 1960களில் மிகச் சில கட்டுரைகளே வெளியிட்டார். கெல்மன், லோ ஆகியோரின் பழைய கட்டுரையையும் கடனாஃபின் 1966ஆம் ஆண்டு எண்ணத்தையும் உடன் வைத்துக்கொண்டு பொறுமையாக உழைத்து, 1971இல் மீள்இயல்பாக்கத்தின் புதிய பொருளைச் சொன்னார். அந்தப் பொறுமைக்கு இன்று நாம் எத்தனை ஆண்டு கொடுப்போம்?

மூன்று: “வேலை வாய்ப்புகள் மிகக் குறைவு, பொய்யான நம்பிக்கை கொடுக்கக் கூடாது.” இது நேர்மையான மறுப்பு. கோட்பாட்டு இயற்பியலில் நிலையான பணியிடங்கள், பட்டம் பெறுவோரின் எண்ணிக்கைக்கு எவ்விதத்திலும் ஈடாக இல்லை. அதை மாணவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். ஆனால் அது பணத்தையும் கொள்கையையும் பற்றிய செய்தி. இடமில்லை என்று சொல்வதற்குப் பதிலாக உன்னிடம் திறமை இல்லை என்று உணரச் செய்வது மோசடி. இடம் கிடைக்காமல் வெளியேறும் ஒருவர், நாட்டின் ஆய்வுக் கொள்கையைக் கேள்வி கேட்பதற்கு மாறாகத் தம் மூளையை நொந்துகொண்டு போகிறார். இந்த ஏற்பாடு யாருக்கு வசதியானது என்று சிந்திக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுக்குச் சில சொற்கள். ‘என்னிடம் அசல் சிந்தனை இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு விடை காண எந்தச் சோதனையும் இல்லை. விடை காண முடியாத கேள்வியை இயற்பியலில் என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்யுங்கள்: ஒதுக்கிவிட்டு, விடை காணக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கட்டுரையின் மூன்றாம் சமன்பாட்டிலிருந்து நான்காவதற்கு என்னால் போக முடிகிறதா? ஆசிரியர் ‘எளிதில் காணலாம்’ என்று எழுதிய இடத்தில் எனக்கு எளிதாக இல்லையே, ஏன்? இந்த முடிவு எந்த நிபந்தனையில் பொய்யாகும்? அந்த நிபந்தனையை யாராவது தொட்டிருக்கிறார்களா? காலையில் ஆர்க்சைவ் தளத்தைத் திறக்கும்போது உங்கள் எண்ணம் அங்கே வேறொருவர் பெயரில் வந்திருந்தால், உங்கள் கால்கள் சரியான இடத்தில் நிற்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அன்று வருத்தமாக இருக்கும். மறுநாள் அக்கட்டுரையை உலகில் உங்களைவிட விரைவாகப் புரிந்துகொள்பவர் எவரும் இருக்கமாட்டார். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

ஐயம் நீங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மூன்று வாரம் முட்டிய கணக்கு நான்காம் வாரமும் உங்களை இழுக்கிறதா? இழுத்தால் வாருங்கள். இழுக்கவில்லையென்றால் வேறு துறைக்குச் செல்வதில் இழிவு ஏதுமில்லை; அதற்கும் அசல்தன்மைக்கும் தொடர்பும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று கோரிக்கைகள். பரிந்துரைக் கடிதத்தில் ‘அசல் சிந்தனை’ பற்றிய தீர்ப்பை விட்டுவிட்டு, மாணவர் என்ன செய்தார், எங்கே முட்டினார், முட்டியபோது எப்படி நடந்துகொண்டார் என்று எழுதுங்கள். நேர்காணலில் சொந்தக் கருத்தைக் கேட்பதற்குப் பதிலாக, அவர் நன்றாக அறிந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்யச் சொல்லி, நடுவே ஒரு நிபந்தனையை மாற்றி, “இப்போது என்னவாகும்?” என்று கேளுங்கள், அரைமணி நேரம் பொறுத்திருங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு உங்கள் சொந்த முதல் கட்டுரையை எடுத்துவந்து, அந்தக் கணக்கு யாரிடமிருந்து வந்தது, அதில் உங்கள் பங்கு எத்தனை வரி என்று ஒரு வகுப்பு எடுங்கள். இதற்கு நிதி வேண்டாம், குழு வேண்டாம், மானியக் குழுவின் அனுமதியும் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

மாற்றுக் கருத்துகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நெறியாளர்களின் மறுப்புகளைக் குறிப்பாக எதிர்பார்க்கிறேன். இந்த ஐயத்தோடு விண்ணப்பப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவர் யாரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், அவருக்கு இதை அனுப்பிவையுங்கள்.